பிரேக்கு மாற்றிய புராணம்

ஏற்காட்டு மலையிலிருந்து சேலத்துக்கு இறங்கும் பாதையில் 20 கொண்டை ஊசி வளைவுகள் இருக்கின்றன. சென்ற ஆண்டு சித்திரை மாதத்தில் குடும்ப சமேதராய் அந்தப் பாதையில் நாம் இறங்கி வந்தபோது, பாதி வழியில், வண்டியின் பின்புறத்திலிருந்து ஒரு சப்தம் கிளம்பிற்று. பழைய இரும்புச் சட்டியைக் கரண்டியால் சுரண்டினால் எப்படியிருக்குமோ அப்படிப்பட்ட சப்தம். பிரேக்கை மிதித்தால் கேட்கும். காலை எடுத்தால் நின்றுவிடும்.

"ஏதாவது கல் மாட்டிக்கொண்டிருக்கும்" என்றாள் நமது இல்லத்தரசி. நாமும் அப்படியே நம்புவதற்கு மிகவும் ஆசைப்பட்டோம். செலவு வைக்காத காரணத்தை நம்புவதில் நமக்கு எப்பொழுதுமே தயக்கம் இருந்ததில்லை. ஆனால் அடுத்த வளைவிலும் அதற்கடுத்த வளைவிலும் அந்தக் கல் விடாமல் கூடவே வந்தது. வண்டியை இரண்டாவது கியரில் போட்டு, எறும்பு ஊர்வது போல் ஊர்ந்து, அஸ்தம்பட்டியை அடைந்த பிறகுதான் மூச்சை முழுசாக விட்டோம். இறங்கிப் பார்த்தால், இடது பின்சக்கரத்தின் பக்கம் கையைக் கொண்டுபோக முடியாதபடி அனல் அடித்தது. கருகின நாற்றம் வேறு.

மறுநாள் ஒரு பெரிய தொழிற்சாலைக்கு வண்டியைக் கொண்டுபோனோம். அதன் பெயர் இங்கே வேண்டாம். குளிர்சாதன அறையிலே அமர்ந்திருந்த இளைஞர் ஒருவர், சக்கரத்தைக் கழற்றாமலே, வண்டியின் பக்கம் திரும்பிக்கூடப் பாராமலே, நான்கு சக்கரங்களுக்கும் டிஸ்க்கு, பேடு, அவற்றோடு இரண்டு கேலிப்பர் என்று ஜாபிதா போட்டுக் கொடுத்தார். கடைசி வரியிலிருந்த தொகையைப் பார்த்ததும் நாம் அந்த அறையின் குளிர்ச்சியை அதிகமாகவே உணர்ந்தோம். "யோசித்துச் சொல்கிறோம்" என்று எழுந்து வந்துவிட்டோம்.

நமது தெருக்கோடியில் ஒரு மெக்கானிக் இருக்கிறார். வயது அறுபதுக்கு மேலிருக்கும். அவர் பேசாமல் ஜாக்கியை வைத்துத் தூக்கி, சக்கரத்தைக் கழற்றி, பத்தே நிமிஷத்தில் விஷயத்தைக் காட்டினார். இடது பின்சக்கரத்தின் உட்பக்கத்துப் பேடு முழுவதும் தேய்ந்துபோய், அதன் முதுகிலுள்ள எஃகுத் தகடே டிஸ்க்கின்மீது உராய்ந்துகொண்டிருந்தது. டிஸ்க்கு, கிராமபோன் பிளேட்டைப்போல வரி வரியாய் உழப்பட்டிருந்தது. வெளிப்பக்கத்துப் பேடோ பாதிக்கு மேல் மிச்சமிருந்தது!

"முன்பக்கம் நல்லா இருக்குங்க, வாத்தியாரையா. பின்பக்கம் ரெண்டு டிஸ்க்கு, நாலு பேடு, அவ்வளவுதான். ஆனா கையிலே வேலை நிறைய இருக்கு. பத்து நாள் ஆகும்" என்றார்.

"நாமே செய்தால் என்ன?" என்று கேட்டுவிட்டோம்.

அவர் நம்மை உச்சி முதல் உள்ளங்கால் வரையில் ஒரு முறை பார்த்தார். "செய்யலாம். என்ன ஸாமான் வாங்கறதுன்னு எழுதித் தரேன். ஆனா ஒண்ணு. முடிச்சப்புறம் நான் வந்து பாக்காம வண்டி கேட்டைத் தாண்டக் கூடாது" என்றார். இந்த நிபந்தனையை நாம் அப்பொழுது அவ்வளவாகப் பெரிதுபடுத்தவில்லை.

ஒரு பள்ளிக்கூட உபாத்தியாயருக்கு ஏன் இந்த வீண் வேலை என்று நேயர்கள் கேட்கலாம். காந்தியடிகள் 1937-ல் வார்தாவில் கைத்தொழிலின் வழியாகவே குழந்தைகளுக்குக் கல்வி புகட்ட வேண்டுமென்று ஒரு திட்டத்தை முன்வைத்தார். அதைப் பற்றி நாம் பரீட்சைகளில் கட்டுரை எழுதியிருக்கிறோம். நல்ல மார்க்கும் வாங்கியிருக்கிறோம். கையில் கரி பட்டது மட்டும் கிடையாது. கோயமுத்தூர் ஜி. டி. நாயுடு, வாலிபத்தில் ஒரு மோட்டார் சைக்கிளை எப்படியோ பணம் சேர்த்து வாங்கி, அதை அக்கு அக்காகப் பிரித்து மறுபடியும் பூட்டித்தான் யந்திர சாஸ்திரத்தைக் கற்றுக்கொண்டார். 1920-ல் பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே பஸ் விட்டதெல்லாம் அதற்குப் பிற்பாடு. நாமோ இருபது வருஷமாய்க் கரும்பலகையில் பாஸ்கல் விதியைப் போதித்து வருகிறோம். அந்த விதிக்கு அடங்கி நடக்கும் ஒரு பிஸ்டனைக்கூட நேரில் பார்த்ததில்லை. பிளஸ் ஒன் வகுப்பில் படிக்கும் நமது மகளும் "நானும் வருகிறேன், அப்பா" என்று கிளம்பிவிட்டாள்.

பிரேக்கு என்றால் நிறுத்துகிற கருவி என்று நினைக்கிறோம். உண்மையில் அது ஓர் அடுப்பு. ஓடுகிற வண்டியின் சக்தி எங்கும் மறைந்துவிடுவதில்லை. உராய்வினால் அத்தனையும் உஷ்ணமாக மாறுகிறது. ஆட்களோடு சேர்ந்து 1,500 கிலோ எடையுள்ள ஒரு வண்டி மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் வரும்போது நிறுத்தினால், முக்கால் லிட்டருக்குச் சற்றுக் குறைவான தண்ணீரைக் கொதிநிலைக்குக் கொண்டுவரக்கூடிய உஷ்ணம் பிறக்கும். மலையிறக்கத்துக்கு அதே கணக்கைப் போட்டுப் பார்த்தோம். ஏற்காட்டுக்கும் சேலத்துக்கும் உயர வித்தியாசம் ஏறக்குறைய 1,200 மீட்டர். அவ்வளவு உயரத்திலிருந்து இறங்கும் நமது வண்டியின் சக்தி முழுவதும் உஷ்ணமானால் 60 லிட்டர் தண்ணீர் கொதிக்கும். ஒரு கல்யாணத்துக்குக் காப்பி போடலாம்! இதில் ஒரு பங்கைக் காற்று வாங்கிக்கொள்கிறது. சிறிய கியரில் இறங்கினால் பெரும் பங்கை எஞ்சினே தாங்கிக்கொள்ளும். மிச்சமெல்லாம் அந்த நான்கு தட்டுகளின் தலையில்தான். மலையிலே நியூட்ரலில் போட்டு, பெட்ரோல் மிச்சம் பிடிப்பதாக எண்ணிக்கொண்டு இறங்குகிற சாமர்த்தியசாலிகள் இந்தக் கணக்கை ஒரு தடவை போட்டுப் பார்ப்பது நல்லது.

சக்கரத்தோடு சுழலும் ஒரு தட்டை இரண்டு பக்கமும் இடுக்கியால் பிடிப்பதுபோல் பிடித்து நிறுத்துவதுதான் டிஸ்க்கு பிரேக்கு. பர்மிங்ஹாம் நகரத்து லான்செஸ்டர் என்ற எஞ்சினீயர் 1902-லேயே இதற்குப் பேட்டென்ட் வாங்கிவிட்டார். ஆனால் உலோகத்தை உலோகம் பிடித்ததில் கிளம்பிய கிறீச்சொலியை யாராலும் சகிக்க முடியவில்லை. பிறகு கல்நார் கலந்த பட்டைகள் வந்தன. ஆயினும் டிஸ்க்கு பிரேக்கின் மகிமையை உலகம் அறிந்தது 1953-ல்தான். பிரான்ஸ் தேசத்தில் லெ மான் என்ற இடத்தில் நடக்கும் 24 மணி நேரப் பந்தயத்தில், அந்த வருஷம் டிஸ்க்கு பிரேக்கு பூட்டிய ஜாகுவார் வண்டி வெற்றி பெற்றது. மற்றவர்களைவிட வெகு தூரம் தள்ளி வந்து பிரேக்கு பிடிக்க அதனால் முடிந்தது. கல்நார்த் தூள் நுரையீரலில் புகுந்தால் புற்றுநோய் வரும் என்று பிற்பாடு தெரிந்து, இங்கிலாந்தில் 1999-ல் அதை அடியோடு விலக்கினார்கள். இப்பொழுது கல்நார் கலவாத பேடுகள் தாராளமாய்க் கிடைக்கின்றன. பெட்டியின்மேல் அப்படி அச்சிட்டிருக்கிறதா என்று பார்த்து வாங்க வேண்டும். எந்தப் பேடானாலும் அதன் தூளை வாயால் ஊதுவதோ காற்றடித்துப் பறக்கவிடுவதோ கூடாது. பிரேக்கு கிளீனரைத் தெளித்து ஈரத் துணியால் துடைக்க வேண்டும். மூக்கையும் மூடிக்கொள்ள வேண்டும்.

இந்தப் பாகங்களையெல்லாம் ஒரு காலத்தில் சீமையிலிருந்து தருவித்தார்கள். 1962-ல் சென்னைப் பாடியில் பிரேக்ஸ் இந்தியா ஏற்பட்டது. நம் ஊர் மண்ணிலேயே வார்த்து, கடைந்து, பூட்டிக் கொடுக்கிற தொழில் அறுபது வருஷத்துக்கு மேலாக இங்கே நடந்து வருகிறது என்பதைக் கடையில் பெட்டிகளைப் புரட்டிப் பார்த்தபோது சந்தோஷத்துடன் நினைத்துக்கொண்டோம்.

சனிக்கிழமை காலை, போர்ட்டிகோவின் சமமான சிமெண்டுத் தரையில் வேலை தொடங்கிற்று. பின்சக்கரத்தில் வேலை செய்யும்போது ஒரு விசேஷமான ஆபத்து உண்டு. வண்டியை நகராமல் பிடித்திருப்பது கைப்பிரேக்கு. அது இருப்பதோ பின்சக்கரங்களில். அந்தப் பிரேக்கைத்தானே நாம் பிரிக்கப்போகிறோம்? ஆகையால் கைப்பிரேக்கை விடுவித்துத்தான் ஆக வேண்டும். முன்சக்கரங்கள் இரண்டுக்கும் முன்னும் பின்னும் மர ஆப்புகளைச் செருகி, வண்டியை முதல் கியரில் நிறுத்தினோம். சக்கரத்து நட்டுகளை, சக்கரம் தரையில் இருக்கும்போதே அரைச்சுற்றுத் தளர்த்திக்கொண்டோம். பிறகு ஜாக்கியால் தூக்கி, இரும்பு ஸ்டாண்டுகளை வைத்து, வண்டியை அவற்றின்மேல் இறக்கினோம். ஜாக்கி தூக்குவதற்கு மட்டுமே; தாங்குவதற்கு அல்ல. ஜாக்கியை நம்பி வண்டிக்கடியில் தலையைக் கொடுத்தவர்களின் கதைகளை மெக்கானிக் நமக்கு விஸ்தாரமாகச் சொல்லியிருந்தார். கழற்றிய சக்கரத்தையும் வண்டியின் விளிம்புக்கு அடியில் படுக்க வைத்தோம். ஸ்டாண்டு சரிந்தாலும் வண்டி சக்கரத்தின்மேல்தான் உட்காரும்.

கேலிப்பரின் இரண்டு போல்ட்டுகளைக் கழற்றி, அதை மெள்ள உருவினோம். அதை ரப்பர்க் குழாயில் தொங்கவிட்டால் குழாய் உள்ளுக்குள் நைந்துபோகும். நம் மகள் ஒரு பழைய வேஷ்டிக் கரையைக் கிழித்துவந்து, ஸ்பிரிங்கோடு சேர்த்துத் தூளி கட்டிவிட்டாள். பேடுகள் வெளியே வந்தன. ஓரங்களைத் தவிர மற்ற இடமெல்லாம் தேய்ந்திருந்த டிஸ்க்கின் விளிம்பைத் தாண்டி, நம்மிடமிருந்த திருகு அளவியால் அளந்து பார்த்தோம். 7.6 மில்லிமீட்டர்! நமது வண்டியின் பின் டிஸ்க்கு புதிதில் 10 மில்லிமீட்டர். 8-க்குக் குறைந்தால் கழித்துவிட வேண்டும். இந்தக் குறைந்தபட்ச அளவு டிஸ்க்கிலேயே பொறித்திருக்கும். வகுப்பில் எத்தனையோ கம்பிகளை அந்தத் திருகு அளவியால் அளந்திருக்கிறோம். ஆனால் அளவு இவ்வளவு முக்கியமான விடையாய் வந்தது இதுவே முதல் தடவை.

பழைய டிஸ்க்கு சுலபத்தில் வரவில்லை. பத்து வருஷத்துத் துரு அதை ஹப்போடு ஒட்ட வைத்திருந்தது. துரு இளக்கும் எண்ணெயை விட்டு, அரைமணி நேரம் காத்திருந்து, டிஸ்க்கைத் திருப்பித் திருப்பிப் பின்பக்கத்திலிருந்து சுத்தியலால் தட்டினோம். எப்படியும் கழிக்கப்போகிற டிஸ்க்கு, கருணை வேண்டியதில்லை. "டங்" என்று ஒரு சப்தம் மாறிற்று. அதுதான் விடுதலைச் சப்தம். ஹப்பின் முகத்தைக் கம்பிப் பிரஷ்ஷாலும் உப்புத்தாளாலும் தேய்த்து வெள்ளையாக்குவதற்கு இருபது நிமிஷம் ஆயிற்று. இந்த இருபது நிமிஷத்தை மிச்சம் பிடிக்கிறவர்கள் பிற்பாடு அநுபவிப்பார்கள். ஒரு துருப்பொருக்கு நடுவில் இருந்தாலும் டிஸ்க்கு ஓரத்தில் தள்ளாடும். கொஞ்ச நாளில் மிதிக்கிற காலில் நடுக்கம் தெரியும்.

பேடு ஒரு பக்கம் மட்டும் தேய்ந்ததன் காரணமும் இங்கேதான் அகப்பட்டது. கேலிப்பர் இப்படியும் அப்படியும் நகர்வதற்கு இரண்டு வழுக்கும் பின்கள் உண்டு. அவற்றில் ஒன்று, கிரீஸ் காய்ந்துபோய்ப் பாறை மாதிரி இறுகியிருந்தது. ஆகையால் பிஸ்டன் தள்ளுகிற உட்பக்கத்துப் பேடே பாரம் முழுவதையும் சுமந்து உயிரை விட்டிருக்கிறது. இதைக் கவனியாமல் புதுப் பேடுகளை மட்டும் போட்டிருந்தால் அவற்றுக்கும் அதே கதிதான். பின்னைத் துடைத்து, பிரேக்குக்கென்றே விற்கும் ஸிலிகான் கிரீஸைத் தடவினோம். சாதாரண கிரீஸ் பட்டால் அங்குள்ள ரப்பர் உறைகள் வீங்கிக் கெட்டுவிடும்.

இதன் பிறகுதான் நமது கர்வபங்கம் ஆரம்பமாயிற்று. புதுப் பேடு தடிமனாக இருப்பதால் அதற்கு இடம் கொடுக்கப் பிஸ்டனை உள்ளே தள்ள வேண்டும். ஸி-கிளாம்பை வைத்துத் திருகினோம். பிஸ்டன் அசையவில்லை. பலம் போதவில்லை போலும் என்று இரண்டு கையாலும் திருகினோம். வியர்வை பெருகிற்று, கிளாம்பு வளையத் தொடங்கிற்று, பிஸ்டன் மட்டும் சத்தியாக்கிரகம் செய்தது. முக்கால் மணி நேரம் இப்படிக் கழிந்தது.

எதிரே குந்தியிருந்த நம் மகள், "அப்பா, அதன் முகத்தில் இரண்டு பள்ளம் இருக்கிறதே, எதற்கு?" என்றாள்.

"டிஸைன், அம்மா" என்றோம் எரிச்சலுடன்.

"திருகாணியின் தலையில் இருக்கிற பள்ளம் மாதிரி இருக்கிறது. தள்ளாமல் திருகிப் பாருங்களேன்."

திருகினோம். சுற்றிக்கொண்டே சாதுவாக உள்ளே போயிற்று! கைப்பிரேக்கும் சேர்ந்திருக்கிற பின் கேலிப்பரின் பிஸ்டனுக்குள் ஒரு மரையாணி இருக்கிறது. பேடு தேயத் தேய அது தானே நீண்டு கொடுக்கும். ஆகவே அதைத் திருகித்தான் உள்ளே அனுப்ப முடியும். பலவந்தமாக அழுத்தினால் உள்ளே இருப்பது உடைந்துபோகும். இன்னும் ஐந்து நிமிஷம் நமது புஜபலத்தைக் காட்டியிருந்தால், அந்தக் குளிர்சாதன அறை இளைஞரின் ஜாபிதா பலித்திருக்கும். பொத்தானை அமுக்கினால் வேலை செய்யும் மின்சாரக் கைப்பிரேக்கு உள்ள வண்டிகளிலோ இன்னும் சிக்கல். முதலில் உரிய கருவியைப் பொருத்தி, அந்த மோட்டாரைப் பின்வாங்கச் செய்த பிறகே தொட வேண்டும். அப்படிப்பட்ட வண்டியை உடையவர்கள் இந்த வேலையை மெக்கானிக்கிடம் விட்டுவிடுவதே உத்தமம்.

பிஸ்டன் உள்ளே போனபோது, முன்னாலுள்ள குப்பியில் பிரேக்கு எண்ணெய் ஏறி வழியப் பார்த்தது. மகள் ஓடிப்போய்த் துணியால் ஒற்றி எடுத்தாள். அது பட்ட இடத்தில் வர்ணம் உரிந்துவிடும். எண்ணெய் என்று சொல்கிறோமே தவிர அது எண்ணெய் அல்ல. காற்றிலுள்ள ஈரத்தைக் குடிக்கும் சுபாவமுடையது. டாட் 4 என்ற ரகம் புதிதாய் இருக்கும்போது குறைந்தது 230 டிகிரி வரையில் கொதிக்காது; ஈரம் ஏறிவிட்டால் 155 டிகிரியிலேயே கொதிக்கக்கூடும். கொதித்தால் குழாயில் ஆவி நிரம்பும். ஆவி அமுங்குமே தவிர அழுத்தத்தைக் கடத்தாது. மிதித்த கால் தரைக்குப் போய்விடும். இதை மலையிறக்கத்தில் கற்பனை செய்து பார்க்க நமக்கு விருப்பமில்லை. அதை மாற்றுகிற வேலையை மட்டும் மெக்கானிக்கிடமே ஒப்படைத்தோம்.

புது டிஸ்க்கின்மீது துருப்பிடிக்காமல் தடவியிருந்த எண்ணெயைத் துடைத்துப் பூட்டினோம். முதல் சக்கரத்துக்கு நாலரை மணி நேரம் ஆயிற்று. வலது சக்கரத்தை ஞாயிற்றுக்கிழமை காலையில் எடுத்தோம். ஒரு பக்கம் மட்டும் மாற்றினால் வண்டி ஒருபுறம் இழுக்கும். எப்பொழுதும் ஜோடியாகவே மாற்ற வேண்டும். இந்தத் தடவை எல்லாம் தெரிந்துவிட்டபடியால் கை தானாக ஓடிற்று. நடுவில் சாப்பிடக் கூப்பிட்டார்கள், போய் வந்தோம், மிச்சத்தைப் பூட்டினோம். மொத்தம் ஒன்றரை மணிதான். நம்மைப் பற்றி நமக்கு மிக உயர்ந்த அபிப்பிராயம் ஏற்பட்டிருந்தது.

மாலையில் மெக்கானிக் வந்தார். "உக்காந்து பிரேக்கை மிதிங்க" என்றார்.

மிதித்தோம். கால் எவ்விதத் தடையுமின்றித் தரையைத் தொட்டது.

நமது முகம் போன போக்கைக் கண்டு அவர் சிரித்தார். "பயப்படாதீங்க. பிஸ்டனைத் தூர அனுப்பிட்டீங்க இல்லே? பேடுகிட்டே அது திரும்பி வரணும். பத்துத் தடவை மிதிங்க" என்றார். ஏழாவது தடவையில் பெடல் கல்லைப் போல நின்றது. நமது கேட்டுக்கு வெளியே தெரு சரிவாக இறங்கி மெயின் ரோட்டில் சேருகிறது. இந்தக் காரியத்தைச் செய்யாமல் வண்டியை எடுத்திருந்தால் என்று எண்ணியபோது வயிற்றைக் கலக்கிற்று.

"இப்போ ரெண்டு சக்கரத்தையும் கழட்டுங்க" என்றார் அவர்.

"எல்லாம் முறுக்கியாயிற்றே!" என்றோம்.

அவர் பதில் சொல்லவில்லை. சக்கரங்கள் கழன்றன. ஒவ்வொரு போல்ட்டிலும் ஸ்பானரை வைத்துப் பார்த்துக்கொண்டே வந்தார். இடது பக்கம் எல்லாம் சரி. வலது பக்கத்தில், கேலிப்பர் முழுவதையும் தாங்கும் சட்டத்துக்கு இரண்டே இரண்டு பெரிய போல்ட்டுகள் உண்டு. மேலேயுள்ளது அசையவில்லை. கீழேயுள்ளதில் ஸ்பானரை வைத்ததும் அது சுற்றிற்று. மறுபடியும் சுற்றிற்று. கையால் மரை ஏற்றிவிட்ட நிலையிலேயே இருந்தது.

சாப்பிடக் கூப்பிட்ட நிமிஷம் நமக்கு ஞாபகம் வந்தது. முறுக்குவதற்காக டார்க் ரெஞ்சை எடுத்தோம். "சாம்பார் ஆறிப் போகிறது" என்ற குரல் கேட்டது. ரெஞ்சைக் கீழே வைத்தோம். திரும்பி வந்து அதற்கு அடுத்த வேலையிலிருந்து தொடங்கியிருக்கிறோம். அந்தப் போல்ட்டு அதிர்ச்சியில் கழன்று விழுந்திருந்தால், கேலிப்பர் சாய்ந்து சக்கரத்தின் உட்புறத்தில் மோதியிருக்கும். பின் ஆசனத்தில் யார் யார் உட்காருவார்கள் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

பெரியவர் கோபிக்கவில்லை. உபதேசமும் செய்யவில்லை. போல்ட்டை முறுக்கிவிட்டு, சட்டைப் பையிலிருந்து ஒரு வெள்ளை பெயிண்டு பேனாவை எடுத்து நம் மகளிடம் கொடுத்தார். "பாப்பா, அப்பா ஒவ்வொண்ணா முறுக்குவார். முறுக்கினதை நீ பாத்து, போல்ட்டு மேலேயும் பக்கத்து இரும்பு மேலேயும் சேத்து ஒரு கோடு போடு. கோடு இல்லாத போல்ட்டு முறுக்காத போல்ட்டு" என்றார். அதன்படியே கேலிப்பர் போல்ட்டுகளிலிருந்து சக்கரத்து நட்டுகள் வரையில் அத்தனையும் கோடு பெற்றன. நாற்பது வருஷத் தொழிலில் அவர் கற்ற வித்தை அந்தக் கோடு. நமது பட்டப் படிப்பில் அது இல்லை.

மறுநாள் விடியற்காலையில், ஜனநடமாட்டம் இல்லாத சாலையில், மணிக்கு 50 கிலோமீட்டர் வேகத்திலிருந்து 20-க்கு நிதானமாகப் பிரேக்கு பிடிப்பதும், சற்று தூரம் ஓட்டி ஆறவிடுவதுமாகப் பத்துத் தடவை செய்தோம். பேடின் மேற்பரப்பு புது டிஸ்க்கோடு சீராகப் பொருந்த இது அவசியம். உஷ்ணமான டிஸ்க்கை ஒரே இடத்தில் பிடித்தபடி நிற்கக் கூடாது என்பதால் முழுவதும் நிறுத்தாமலே ஓட்டினோம். இலேசாகக் கருகல் வாசனை வந்தது. "இது சரியான வாசனைதானா, அப்பா?" என்று மகள் கேட்டாள். இறங்கி இரண்டு பின்சக்கரங்களின் பக்கத்திலும் கையைக் காட்டிப் பார்த்தோம். இரண்டிலும் ஒரே அளவு சூடு. கோடுகளும் நகரவில்லை.

மெக்கானிக் கூலி வாங்க மறுத்து, ஒரு டம்ளர் காப்பி மட்டும் சாப்பிட்டார். பழைய டிஸ்க்குகளைப் பழைய இரும்புக்காரரிடம் போட்டுவிட்டோம். தேய்ந்துபோன உட்பக்கத்துப் பேடை மட்டும் மகள் கொடுக்க மறுத்துவிட்டாள். அது அவளுடைய மேஜைமேல், பௌதிகப் புஸ்தகத்தின் பக்கங்கள் பறக்காமல் இருப்பதற்காக உட்கார்ந்திருக்கிறது.